எட்டே முக்கால் வரைக்கும்தான்

துப்பறிவாளர் குருநாதனின் விசிட்டிங் கார்டைப் படித்து முடிப்பதற்குள் ஒரு டீ ஆறிவிடும். ‘புலனாய்வுப் பேரரசர்’ என்று தங்க எழுத்தில் தொடங்கி, மின்சார அலுவலகத்தில் இருபத்திரண்டு ஆண்டு அனுபவம், விருப்ப ஓய்வு, ஆபீஸ் முகவரி, வீட்டு முகவரி, தன் போன் நம்பர், உதவியாளர் போன் நம்பர் என்று படிப்படியாக இறங்கி, அடியில் ‘எந்நேரமும் வரலாம்’ என்று முடியும். பேரரசர் பட்டத்தைக் கொடுத்தது எந்தப் பல்கலைக்கழகம் என்று கேட்டால் அவர் பேச்சை மாற்றிவிடுவார். கொடுத்தது அச்சகத்துக்காரர். நூறு கார்டுக்கு மேல் அடித்தால் பட்டம் இலவசம்.

“வூட்டு அட்ரஸை எதுக்குப் போடறீங்க? கண்டவனும் வருவான்” என்று மனைவி தனம் அப்போதே சொன்னாள். பேரரசர் தன் அரண்மனையை மறைத்து வைக்க முடியாது என்று குருநாதன் பதில் சொன்னார். அரண்மனை அரியலூரில், ரயில்வே கேட்டுக்கு இந்தப் பக்கம், இரண்டு அறையும் ஒரு போர் பைப்பும் கொண்டது.

தை மாதத்தின் அந்தச் செவ்வாய்க்கிழமை, காலை பத்தேகால் மணிக்கு, பஸ் ஸ்டாண்டு எதிரே ஜெராக்ஸ் கடை மாடியில் இருந்த ஆபீசுக்கு ஒரு பெண் வந்தாள். இருபத்தைந்து வயது இருக்கும். நாற்காலியில் உட்கார்ந்ததும் கார்டை எடுத்தாள். கடைசி வரி வரைக்கும் படித்தாள். அப்படி முழுதாகப் படித்த முதல் ஆள் அவள்தான். குருநாதனுக்கு அதிலேயே பாதி ஃபீஸ் வந்துவிட்ட திருப்தி.

“பேரு சுவாதி சார். உடையார்பாளையம். இந்த ரெண்டு மாவட்டத்துலயும் உங்களுக்குத் தெரியாத வூடே கெடையாதுன்னு சொன்னாங்க. இது உங்களாலதான் சார் முடியும்.”

மூலை மேசையிலிருந்து உதவியாளர் ஜெயசித்ரா தலையைத் தூக்கினாள். பிரவுசிங் சென்டர் ஒன்றில் மூன்று வருடம் வேலை பார்த்துவிட்டு இங்கே வந்தவள். சம்பளம் சரியாக வராத குறையை வாயால் ஈடுகட்டிக்கொள்வாள்.

“சார், மூச்சை விடுங்க. சட்டை பட்டன் தெறிக்கப் போவுது.”

சுவாதி சிரிக்கவில்லை. சொல்ல வந்ததைச் சொன்னாள். ‘வேங்கைக்காடு’ என்று ஒரு ஆன்லைன் விளையாட்டு. நாலு பேர் சேர்ந்து ஒரு குழு. அவள் குழுவில் கமலவேணி என்று ஒரு பெண். இரண்டு வருடமாகத் தினமும் பேசுகிறார்கள். நேரில் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. போன வெள்ளிக்கிழமை சுவாதிக்கு ஒரு மெயில் வந்தது. விளையாட்டுக் கம்பெனி அனுப்பியது மாதிரியே இருந்தது. லிங்கைத் தொட்டாள், பாஸ்வேர்டைப் போட்டாள். மறுநிமிடம் அவள் கணக்கு அவளிடம் இல்லை.

“போனா போகுதுன்னு விட்டிருப்பேன் சார். ஆனா உள்ள பூந்தவன் நானாவே பேசறான். நான் எப்படிச் சிரிப்பேன், எப்படிக் கோவப்படுவேன், எல்லாத்தையும் பழைய பேச்சைப் பாத்துக் கத்துக்கிட்டான். ‘இன்னிக்கு மூணு மணிக்கு அரியலூருக்கு வா, நேர்ல பாக்கலாம்’னு கமலவேணியைக் கூப்பிட்டிருக்கான். அவ வரேன்னுட்டா. போன் சுச்சாப். வூடு எங்கன்னு எனக்குத் தெரியாது. அவ கிளம்பறதுக்குள்ள நீங்க கண்டுபிடிச்சாகணும்.”

கீழே ஜெராக்ஸ் மெஷின் யாருடைய முகத்தையோ திரும்பத் திரும்பப் பிரதி எடுத்துக்கொண்டிருந்தது. குருநாதன் கையை நீட்டி அவள் போனை வாங்கினார்.

‘மதிப்புக்குரிய வீரருக்கு, தங்கள் கணக்கில் சந்தேகத்துக்கிடமான நடமாட்டம் காணப்படுகிறது. செவ்வாய்க்கிழமை காலை 8.45 மணிக்குள் கீழ்க்கண்ட லிங்கில் உறுதி செய்யத் தவறினால், தங்கள் ஆயுதங்கள் அனைத்தும் நிரந்தரமாக அழிக்கப்படும்.’

அதன் கீழே ஒரு படிவம். மெயில் முகவரி, பாஸ்வேர்டு, தகப்பனார் பெயர், பாஸ்போர்ட் சைஸ் போட்டோ ஒன்று.

“ஜாதிச் சான்றிதழ் கேக்கல, அந்த மட்டும் புண்ணியம்” என்றாள் எட்டிப் பார்த்த ஜெயசித்ரா. “எந்த நாட்டுக் கம்பெனி சார் தகப்பனார் பேரு கேக்குது?”

குருநாதன் எழுந்து நின்றார். வகுப்பு எடுப்பதற்கு அவருக்கு உட்கார்ந்த நிலை ஒத்துவராது.

“கவனிம்மா. முதல்ல இந்த லிங்க். முன்னாடி கம்பெனி பேரு பெரிசா இருக்கும். அதைப் பாக்கக் கூடாது. ஆரம்பத்து ரெட்டைச் சாய்வுக்கோட்டை விட்டுட்டு, அடுத்த சாய்வுக்கோடு வர்ற இடத்துக்கு ஒட்டி முன்னாடி என்ன பேரு இருக்குன்னு பாக்கணும். வூட்டுக்காரன் அங்கதான் உக்காந்திருப்பான். இங்க பாரு, யாரோ ஒருத்தன் உக்காந்திருக்கான். அடுத்தது, இந்த மாதிரி மெயில்ல மூணு விஷயம் ஒண்ணா வரும். அவசரம். பயம். நமக்குத் தெரிஞ்ச ஒரு பேரு. இந்த மூணும் சேந்து வந்து வாசல்ல நின்னுச்சுன்னா, ‘நீ யாருடா’ன்னு கேட்டுட்டுத்தான் கதவைத் தெறக்கணும். நாலாவதா கொஞ்சம் புகழ்ச்சியும் தடவியிருப்பான். மதிப்புக்குரிய வீரராம்!”

“ரொம்பச் சரியா சொல்றீங்க சார்” என்றாள் சுவாதி. ஒரு மாணவி மாதிரி அவ்வளவு உன்னிப்பாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“இன்னொண்ணு. எட்டே முக்கால். அது என்ன எட்டே முக்கால்? மிரட்டறவன் நள்ளிரவு பன்னெண்டும்பான், இருபத்துநாலு மணி நேரம்பான். இதுக்கு முன்னாடி யாருக்காவது வந்திருக்கா?”

“குழுவுல மத்த ரெண்டு பேருக்கும் வந்துச்சு சார். ஒண்ணு டிசம்பர் பதினாறு, ஒண்ணு நவம்பர் பதினெட்டு. ரெண்டுமே எட்டே முக்கால்தான்.”

குருநாதன் கண்ணை மூடினார். திறந்தபோது முகத்தில் வெளிச்சம் இருந்தது.

“மூணுமே மாசத்தோட மூணாவது செவ்வாய். பராமரிப்புக்காக ஒன்பது மணிக்குக் கரண்ட் போயிடும், சாயங்காலம்தான் வரும். எந்தெந்த ஊருன்னு பேப்பருக்கு எழுதி அனுப்பினவன் நான். இருபத்திரண்டு வருசம்! மூணாவது செவ்வாய்னா ஆலத்தியூரும் அதைச் சுத்தின பத்து ஊரும். திருட்டுப் பக்கத்தை ஓட்டற கம்ப்யூட்டர் அங்கதாம்மா இருக்கு. ஒன்பதுக்கு அது அணைஞ்சிடும். அதனாலதான் எட்டே முக்காலோட கடையைக் கட்டறான்.”

சுவாதியின் கையிலிருந்த தண்ணீர் டம்ளர் உதட்டுக்குப் பாதி வழியில் நின்றது. பிறகு மெல்ல மேசைக்கு இறங்கியது.

“நீங்க சாதாரண ஆளே இல்ல சார்” என்றாள் மெதுவாக. “ஆனா ஆலத்தியூருக்கு அப்புறம் போலாம். முதல்ல கமலவேணி. நேரமில்ல.”

அது நியாயமாகத்தான் பட்டது. கமலவேணி எழுதியவற்றில் வீட்டைப் பற்றி ஏதாவது உண்டா என்று கேட்டார். சுவாதி தேடவே இல்லை. ஏற்கெனவே எடுத்து வைத்திருந்த ஒன்றைக் காட்டினாள். பத்து நாளுக்கு முன்னால் எழுதியது: ‘சாரிப்பா, பாதியில போயிட்டேன். வூட்டுக்குப் பின்னாடி டிரான்ஸ்பார்மர்ல மயில் அடிபட்டு கரண்ட் போயிடுச்சு.’

குருநாதன் வாய்விட்டுச் சிரித்தார். காக்காய் அடிபட்டால் லைன்மேன் குச்சியால் தள்ளிவிட்டுப் போய்விடுவார். மயில் அடிபட்டால் அப்படி முடியாது. ஃபாரஸ்ட் ஆபீசுக்குச் சொல்ல வேண்டும், அவர்கள் வர வேண்டும், எழுத வேண்டும், கையெழுத்துப் போட வேண்டும். மயில் செத்த இடத்தை எந்த லைன்மேனும் ஜென்மத்துக்கும் மறக்க மாட்டான். பெரம்பலூரில் இருக்கும் பழைய சகா வெள்ளைச்சாமிக்குப் போன் போட்டார்.

“ஏய் வெள்ள, பத்து நாள் முந்தி மயில் எங்கய்யா செத்துச்சு?”

“அதை ஏன்ணே கேக்கறீங்க” என்று மறுமுனை அழாத குறையாகப் பேசியது. “குரும்பலூரு, மேலத்தெரு கடைசி. பாரஸ்ட்காரங்க வர்ற வரைக்கும் நாலு மணி நேரம் பொணத்துக்குக் காவல் இருந்தேன். பின்வூட்டுப் பொண்ணுதான் மோர் குடுத்துச்சு. ஆமாண்ணே, பச்சை கேட்டு. கமலவேணின்னு பேரு.”

விளையாட்டில் யாராலும் பிடிக்க முடியாத பெண்ணை ஒரு செத்த மயில் ஒன்றரை நிமிடத்தில் பிடித்துக் கொடுத்துவிட்டது. ஊரையும் தெருவையும் அவர் வாயாலேயே கேட்டுக்கொள்ள சுவாதி ஆவலாக முன்னால் குனிந்தாள். குருநாதன் சொல்லவில்லை. சந்தேகத்தால் அல்ல, பழக்கத்தால். முடிச்சைக் கடைசியில் அவிழ்த்தால்தான் கைத்தட்டல் விழும்.

“நீ பின்னாடி வாம்மா. நேர்ல காட்டறேன்.”

“எங்கிட்ட கார் இருக்கு சார், எல்லாரும் அதுலயே போயிடலாமே.”

“துப்பறிவாளன் கட்சிக்காரரோட ஒரே வண்டியில போகக் கூடாது. அது என் கொள்கை.”

“பெட்ரோல் காசு கேக்க வெக்கப்படறது எப்பலேர்ந்து கொள்கையாச்சு?” என்றாள் ஜெயசித்ரா ஸ்கூட்டர் சாவியை எடுத்தபடி.

“அப்ப லொக்கேஷன் மட்டும் போட்டு விடுங்க சார். வழி தவறிடக் கூடாதில்ல” என்றாள் சுவாதி.

போகிற இடத்தையெல்லாம் எவ்வளவு நேரம் அவளுக்குக் காட்டலாம், பதினைந்து நிமிடமா, ஒரு மணி நேரமா, எட்டு மணி நேரமா என்று போன் கேட்டது. பேரரசர் எட்டு மணி நேரத்தைத் தொட்டார்.

கீழே வெள்ளைக் கார் இன்ஜின் ஓடியபடியே நின்றது. டிரைவர் இவர்கள் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் பக்கக் கண்ணாடியில் அவன் கண்கள் இருந்தன. அவை குருநாதனை அடி முதல் முடி வரை ஒருமுறை அளந்துவிட்டு விலகின.

அரியலூரிலிருந்து பெரம்பலூர் வரை சுண்ணாம்புக்கல் லாரிகளின் தூசியைத் தின்றுகொண்டே போனார்கள். ஜெயசித்ரா ஓட்ட, குருநாதன் பின்னால் இரண்டு கையாலும் சீட்டுக் கம்பியைப் பிடித்தபடி. போன் முன் பெட்டியில் சார்ஜ் ஏறிக்கொண்டு கிடந்தது.

“சார், ஒண்ணு சொல்லவா? அந்தப் பொண்ணு அழவே இல்ல.”

“எல்லாரும் அழுவாங்களா?”

“கணக்கு போயிடுச்சுன்னு வந்தவ. ஒரு தடவையாவது ‘என் கணக்கைத் திருப்பிக் குடுங்க’ன்னு கேட்டாளா? வூடு எங்க, வூடு எங்கன்னுதான் கேட்டா.”

குருநாதன் பக்கக் கண்ணாடியை எட்டிப் பார்த்தார். காற்று காதில் இரைந்தது. கண்ணாடியில் வெள்ளைக் கார் தெரியவில்லை. தெரிய வேண்டிய அவசியமும் அதற்கு இல்லை.

குரும்பலூர் மேலத்தெருவுக்குள் ஸ்கூட்டர் நுழைய முடியவில்லை. எறையூர் ஆலைக்குப் போகிற கரும்பு டிராக்டர் ஒன்று, டிரெய்லரில் மலையாய் ஏற்றிய சுமையோடு தெரு முனையை அடைத்து நின்றது. டிரைவர் டீ குடித்துக்கொண்டிருந்தார். வண்டியை டீக்கடை ஓரம் நிறுத்திவிட்டு இருவரும் நடந்தார்கள். தெருவின் கடைசியில் டிரான்ஸ்பார்மர். அதன் வேலிக்கம்பியில் ஒரு மயில் இறகு இன்னும் சிக்கியிருந்தது. பச்சை கேட். மணி பன்னிரண்டே கால்.

கதவைத் திறந்த பெண்ணுக்கு இருபது வயது இருக்கும். கையில் கரண்டி.

“கமலவேணிதானேம்மா? பயப்படாத. சுவாதி அனுப்பி வந்திருக்கோம்” என்றார் குருநாதன், தன் குரல்களிலேயே மிகக் கம்பீரமானதைத் தேர்ந்தெடுத்து.

அவள் விழித்தாள்.

“சுவாதி அக்காவா? அவங்க உள்ள சாப்ட்டுகிட்டு இருக்காங்களே?”

உள்ளே தரையில் தட்டோடு உட்கார்ந்திருந்த பெண் எட்டிப் பார்த்தாள். கண்ணெல்லாம் வீங்கியிருந்தது. நாலு நாளாக அழுத முகம் அது. குருநாதன் இதற்கு முன் பார்த்திராத முகம்.

கமலவேணி சொல்லச் சொல்லக் கதை வேறு பக்கமாகத் திரும்பியது. மெயில் அவளுக்கும் வந்தது. தகப்பனார் பெயர் கேட்ட இடத்திலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது. தன் பெயரை விட்டுவிட்டு, தகப்பனார் பெயரில் வீட்டுக் கிடாவின் பெயரையும் போட்டோவில் அதன் மூஞ்சியையும் போட்டு அனுப்பினாள். பிறகு லிங்கின் வாலை அழித்துவிட்டு மீதியைத் திறந்து பார்த்தாள். உள்ளே மொத்தப் பட்டியலும் பூட்டாமல் கிடந்தது. அறுபத்தோரு பெண்கள். பெயர், தகப்பனார், போட்டோ. சிலருக்கு எதிரே ‘பணம் வந்தது’ என்று குறிப்பு. சிலருக்கு எதிரே ‘இன்னும் மிரட்டணும்’.

“எல்லாத்தையும் போட்டோ எடுத்து வச்சிருக்கேன். அவங்களுக்குத் தெரிஞ்சு போச்சு. விளையாட்டுக்குள்ள வந்து, ‘நீ எந்த ஊருன்னு மட்டும் சொல்லு’ன்னு அக்கா பேர்ல தெனம் கேக்கறாங்க. நான் போனையே அணைச்சுட்டேன். அக்காவோட உண்மையான நம்பர் எங்க குழுவுல ஒருத்திகிட்ட இருந்துச்சு, அதான் வரவழைச்சேன். அப்பா வந்ததும் போலீசுக்குப் போறதா இருக்கோம். எங்க வூடு எங்க இருக்குன்னு மட்டும் அவங்களுக்குத் தெரியாது.” குருநாதனை நிமிர்ந்து பார்த்து, “உங்களுக்கு யாரு சொன்னாங்க?” என்று கேட்டாள்.

“அவசரம்” என்றாள் ஜெயசித்ரா தாழ்ந்த குரலில். கிண்டல் சுத்தமாக வற்றியிருந்தது. “மூணு மணிக்குள்ள. பயம். தெரிஞ்ச பேரு. உங்களாலதான் முடியும்னு புகழ்ச்சி வேற. சார், நீங்க சொன்ன அத்தனையும் நாற்காலி போட்டு நம்ம முன்னாடியே உக்காந்திருந்துச்சு.”

“இன்னிக்கு மூணாவது செவ்வாய்” என்றார் குருநாதன். பாதி தனக்குத்தானே. “ஆலத்தியூர்ல கரண்ட் இல்ல. கரண்ட் இல்லேன்னா கடை இல்ல. ஒன்பது மணிக்குக் கடையைச் சாத்திட்டு, லீவு நாள்ல கிளம்பி, பத்தேகாலுக்கு என் மாடிப்படி ஏறியிருக்கா. கரண்ட் ஆபீஸ்காரன்தான் மயிலைக் கண்டுபிடிப்பான்னு தெரிஞ்சு ஏறியிருக்கா.”

“சார். உங்க போன்?”

ஸ்கூட்டர் பெட்டியில். தெரு முனையில். எட்டு மணி நேரம்.

ஐம்பத்திரண்டு வயதில் பேரரசர் ஓடினார். செருப்பு ஒன்று வழியிலேயே நின்றுவிட்டது. போனை எடுத்தபோது திரையில் இரண்டு புள்ளிகள் தெரிந்தன. காலையில் வந்தவளும் தன் இடத்தைப் பகிர்ந்திருந்தாள்; மறைத்துக்கொள்ள வேண்டிய தேவைகூட அவளுக்கு இருக்கவில்லை. பெரம்பலூர் ரோட்டில் அந்தப் புள்ளி இவர்களை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது.

ஜெயசித்ரா கையை நீட்டினாள். “பகிர்றதை நிறுத்துங்க சார்!”

“நிறுத்தினா இந்தத் தெருவோட நிக்கும். வூடு வூடா தேடுவாங்க.” அவர் திரும்பிப் பார்த்தார். டீ குடித்து முடித்த டிராக்டர்காரர் சீட்டில் ஏறிக்கொண்டிருந்தார். “இது நிக்கக் கூடாது. போயிட்டே இருக்கணும்.”

கரும்புக் கட்டுகளுக்கு நடுவே கை முழங்கை வரை போனது. வெறும் கையாக வெளியே வந்தது. டிராக்டர் ஒரு குலுக்கலோடு நகர்ந்தது.

டீக்கடைத் தட்டிக்குப் பின்னால் நின்று பார்த்தார்கள். சரியாக நாலு நிமிடத்தில் வெள்ளைக் கார் வந்தது. தெரு முனையில் வேகம் குறைந்தது. பின் சீட்டில் அந்தப் பெண் மடியிலிருந்த போனைப் பார்த்தாள். தலையைத் தூக்கித் தெருவைப் பார்த்தாள். பச்சை கேட் வரைக்கும் அந்தப் பார்வை போய் வந்த மாதிரி இருந்தது. பிறகு டிரைவரிடம் ஏதோ சொன்னாள். கார் கரும்புத் தோகை சிதறிக் கிடந்த ரோட்டில், டிராக்டர் போன வழியே அவசரமில்லாமல் ஊர்ந்தது.

ஒன்றரை மணி டவுன் பஸ்ஸில், நின்றுகொண்டு வந்தவர்களின் நடுவே பெண்கள் இருவரையும் உட்காரவைத்துப் பெரம்பலூர் கொண்டு சேர்த்தார்கள். சைபர் க்ரைம் பிரிவில் ஒரு பெண் இன்ஸ்பெக்டர் அறுபத்தோரு பெயர்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். கிடாவின் படம் வந்த இடத்தில்கூட அவர் சிரிக்கவில்லை. ஆலத்தியூருக்கு ஒரு ஜீப் கிளம்பியது. கமலவேணி இன்றைக்குத்தான் முதல் தடவையாக மூச்சு விடுகிறவள் போல நாற்காலியில் சாய்ந்தாள்.

“உங்க கார்டு ஒண்ணு குடுங்க சார்” என்றாள் நன்றியோடு.

குருநாதன் பையில் கையை விட்டார். ஜெயசித்ரா தடுத்தாள்.

“வேணாம் சார். இன்னிக்குக் குடுத்த ஒண்ணே போதும்.”

பையிலேயே நின்றது அந்தக் கை. காலையில் கார்டைக் கடைசி வரி வரைக்கும் படித்த பெண், அதைத் திருப்பி மேசையில் வைத்ததாக அவருக்கு ஞாபகமில்லை. ஜெயசித்ராவின் போனைப் பிடுங்கி வீட்டுக்கு அடித்தார். சுவர்க் கடிகாரத்தில் மணி மூன்று.

“ஏங்க, எங்க இருக்கீங்க?” என்றாள் தனம். குரல் உற்சாகமாக இருந்தது. “போனை இப்படியா தொலைப்பீங்க? ஏதோ கரும்பு லோடுல கெடந்துச்சாம். ஒரு பொண்ணு கார் போட்டுக்கிட்டு வந்து கொண்டாந்து குடுத்திருக்கு. சுவாதியாம். தங்கமான பொண்ணு. எந்நேரமும் வரலாம்னு போட்டிருந்துச்சு, அதான் வந்தேங்குது. உக்கார வச்சு காபி குடுத்திருக்கேன்.”

“தனம், நீ முதல்ல...”

“நீங்க பதறாம மெதுவா வாங்க. அதுக்கு ஒண்ணும் அவசரமில்லையாம். நீங்க வர்ற வரைக்கும் எங்கூடவே இருக்கேங்குது.”